புயல் மேல் பிராது

அந்தக் கார்த்திகையில் எங்கள் ஊருக்குப் புயல் வந்து நின்றது. அடித்தது என்று சொல்லவில்லை, கடந்தது என்றும் சொல்லவில்லை. நின்றது என்கிறேன், காது உள்ளவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் பச்சை போய்க் கறுப்பாகிற இடத்தில், நல்ல நீச்சல்காரன் போய்த் தொட்டுவிடுகிற தூரத்தில், கடலுக்கும் வானத்துக்கும் முட்டுக் கொடுத்த மாதிரி, உள்ளே சுழன்றுகொண்டு, இடத்தைவிட்டு அசையாமல், உள்ளே வரச் சொல்ல ஆள் இல்லாத வீட்டு வாசலில் சம்பந்தி நிற்பதுபோல நின்றது.

ஊர் பெயர் நண்டுமேடு. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே. எனக்கு ஐஸ் உடைக்கிற தொழில்.

முதலில் எல்லாரும் புயல் பாதுகாப்புக் கட்டடத்துக்கு ஓடினார்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, ஆடுகளை இழுத்துக்கொண்டு, டிவிப் பெட்டியைத் துணியில் கட்டிக்கொண்டு ஓடினார்கள், உள்ளே போய் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து காத்திருந்தார்கள், காத்திருந்து காத்திருந்து கால் மரத்து, பொறுமை போய், பக்கத்துக் குடும்பத்தின் குறட்டை தாங்காமல் சண்டை வந்து, கடைசியில் ஒவ்வொருவராக வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். டிவியை மாட்டினால் அதில் சொல்கிறான்: ‘புயல் நண்டுமேடு அருகே கரையைக் கடந்து வலுவிழந்தது.’ அதைச் சொல்லும்போது ஜன்னல் வழியே அது தெரிகிறது. டிவியைப் பார்ப்பதா ஜன்னலைப் பார்ப்பதா என்று ஊரே கழுத்தைத் திருப்பித் திருப்பிச் சுளுக்கிக்கொண்டது.

செங்கமலம் மட்டும் கருவாட்டுக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கரைக்குப் போய் நின்று பார்த்தாள். பார்த்துவிட்டு, “இது அதுதான். எம்மவளத் தேடி வந்திருக்கு” என்றாள். யாரும் ‘எது’ என்று கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாது, சொல்கிறேன்.

செங்கமலத்தின் புருஷன் கலியமூர்த்தி. மகள் வனரோஜா ஆறாவது படிக்கும்போது ஒரு புயல் வந்தது. வடக்கே தூரமாகப் போய்க் கடக்கும் என்று ரேடியோவில் சொன்னார்கள். அதை நம்பி, விட்டுவந்த வலையை எடுத்துவரக் கலியமூர்த்தி போனான். வடக்கே போய்க்கொண்டிருந்த புயல், கடைசி நேரத்தில், ஏதோ மறந்துவைத்துவிட்டு வந்தவன்போல, சடக்கென்று தெற்கே திரும்பிற்று. அவனும் வரவில்லை, படகும் வரவில்லை. பொட்டை அழிக்க வந்த பெண்களிடம் செங்கமலம், “ஆளு வரட்டும், அழிச்சிக்கிறேன். இல்லாத ஆளுக்கு எதுக்குடி அழிக்கணும்?” என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். இந்தப் பிள்ளை பள்ளிக்கூடச் சட்டையோடு கரைக்குப் போய், ஓய்ந்து கிழிந்து கடல்மேல் போய்க்கொண்டிருந்த அந்தப் புயலின் வாலைப் பார்த்து விரலை நீட்டிச் சொன்னது: “ஏய், நில்லு! நான் படிச்சிட்டு வர்றேன். வந்து கேக்குறேன்.”

சின்னப்பிள்ளைப் பேச்சு என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். அது கேட்டுக்கொண்டு போனது யாருக்குத் தெரியும்?

படித்தாள். எப்படி என்று கேட்பவர்களுக்கு ஒரே மூச்சில் சொல்கிறேன், எனக்கு வேலை கிடக்கிறது. ஊரில் எட்டாவது வரை, பஸ் ஏறி நாகப்பட்டினத்தில் பன்னிரண்டாவது வரை, செங்கமலம் ஊர் ஊராகக் கருவாடு விற்ற காசில் திருவாரூரில் இயற்பியல், பஸ்ஸில் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தவர்களால் கிடைத்த தாராளமான இடத்தில் கணக்குப் போட்டுப் பார்த்து, அங்கே முதல் மாணவியாகி, கொச்சிக்குப் போய் வானிலையியலில் சேர்ந்து, ‘ஏன் புயலை எடுத்தாய், மழையை எடுத்தால் வேலை சீக்கிரம் கிடைக்குமே’ என்று கேட்ட பேராசிரியரிடம், ‘ஒரு புயலைக் கேள்வி கேட்கணும் சார், கேள்வியே இன்னும் சரியா அமையல, அதுக்குத்தான் வந்தேன்’ என்று சொல்லி, அவரைச் சிரிக்க வைத்து, பிறகு அவரைச் சிரிக்க முடியாமல் செய்து, கரையை நெருங்கிய புயல் கடைசி நேரத்தில் ஏன் திரும்புகிறது என்பதையே எடுத்து ஆராய்ச்சி செய்து, மேலே ஓடுகிற காற்று தள்ளுவதையும் கீழே கிடக்கிற கடலின் சூடு இழுப்பதையும் கணினியில் ஓட்டி ஓட்டிப் பார்த்து, புத்தகம் கனத்துக்கு எழுதி, அதன் கடைசி வரியாக ‘இதற்கு மேல் புயலைத்தான் கேட்க வேண்டும்’ என்று எழுதினாள். அந்த வரியை எடு என்றார்கள். எடுக்கவில்லை. டாக்டர் பட்டத்தை அந்த வரியோடு சேர்த்தே வாங்கினாள். வடக்கே ஒரு பெரிய நகரத்துப் புயல் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலையும் கிடைத்தது.

போதுமா?

புயல் எங்கள் ஊர் முன்னால் நிற்கிறபோது அவள் அந்த நகரத்தில் மேசைக்கு முன்னால் நிற்கிறாள். மேசைக்கு அந்தப் பக்கம் இயக்குநர் சேஷகிரி. புயல் வந்த பாதையை எழுதி முடிக்கிற அறிக்கை அவள் பொறுப்பு. அவள் கையெழுத்து வேண்டும்.

“போடும்மா. கடந்தாச்சுன்னு நாடு பூரா சொல்லியாச்சு.”

“கடக்கலையே சார்.”

“கணக்குப்படி அந்த நேரத்துல கடந்திருக்கணும். கடந்துடுச்சு.”

“எங்கம்மா பார்த்துக்கிட்டிருக்காங்க சார். நிக்குதாம்.”

“உங்கம்மா என்ன செயற்கைக்கோளா?”

“இல்ல சார். அது எப்பவோ ஒருதடவதான் எங்க ஊரைத் தாண்டிப் போவுது. எங்கம்மா அங்கயேதான் இருக்காங்க.”

அன்றிலிருந்து இருவரும் பேசவில்லை. லீவு கேட்டாள், கிடைக்கவில்லை. கையெழுத்துக் கேட்டார்கள், அதுவும் கிடைக்கவில்லை. இப்படி அங்கே இழுத்துக்கொண்டு கிடந்தது.

இங்கே புயல் ஊரோடு பழகிவிட்டது. எதற்கும் பழகிக்கொள்கிற ஊர் இது. சுனாமிக்கு அப்புறம் நட்ட சவுக்கு மரங்களுக்கே பழகிக்கொண்டோம், அதைவிடவா? அதன் காற்றில் காலையில் போட்ட மீன் மத்தியானத்துக்குள் கருவாடாயிற்று. பெண்கள் துணி துவைத்து அந்தப் பக்கமாக ஒரு உதறு உதறினால் காய்ந்து மடியில் விழுந்தது. கல்யாண வயசில் பெண் இருக்கிற வீடுகளில், தூரத்துச் சம்பந்தம் வேண்டாம் என்று தட்டிக்கழிக்க, ‘எங்க ஊர்ல புயல் நிக்குது, உங்களுக்குச் சரிப்படாது’ என்று சொல்லப் பழகினார்கள். இரைச்சல் பழகிப்போய், அது கொஞ்சம் மூச்சு வாங்க அடங்கினால் கைக்குழந்தைகள் விழித்துக்கொண்டு அழுதன. கடலுக்கு மட்டும் போக முடியவில்லை. நிவாரணம் கேட்டுப் போனவர்களை, ‘புயல்தான் கடந்துபோச்சே, சேதமும் இல்லையே’ என்று அதிகாரி திருப்பி அனுப்பினார். “வந்து பாருங்க சார்” என்றால், “கடந்துபோனதை எதுக்குய்யா வந்து பார்க்கணும்?” என்றார். சரியான பதில்தான். பதில் சரியாக இருந்தால் வயிறு நிறைந்துவிடுமா?

வயிற்றையும் அதுவே கவனித்தது. ஒரு காலையில், நடுக்கடலில் அள்ளிய மத்தி மீனைக் கொண்டுவந்து கரையில் கொட்டிற்று. மறுநாள் சங்கரா. அதற்கும் மறுநாள் இறால். கொட்டின மீன் யாருக்கு? இதில்தான் ஊர் சிக்கிக்கொண்டது.

எங்கள் ஊரில் கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டு என்றால் ஊருக்கு வரி கொடுக்கணும், ஊர்ப் பொதுவில் வருகிற எதிலும் பங்கு வாங்கணும், பஞ்சாயத்து கூப்பிட்டால் தோள் துண்டை இறக்கி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நிற்கணும். பஞ்சாயத்துக்குத் தலைவர் நாட்டார் மாசிலாமணி. நேர்மையான மனுஷன், அதனால் தொல்லை அதிகம். “புடிச்சவனுக்குப் பங்கு வைக்காம மீனைப் பிரிச்சு நாம தின்னா, அது திருட்டு” என்று சொல்லிவிட்டார். பங்கு கொடுக்கணும் என்றால் தலைக்கட்டாக இருக்கணும். தலைக்கட்டாக இருக்கணும் என்றால் வரி கட்டணும்.

“அது எங்கேர்ந்து வரி கட்டும்?” என்றான் கோதண்டம். ஊரிலேயே பெரிய படகுக்காரன், வாயும் அந்த அளவு.

நாட்டார் கரைக்குப் போய் முறையாகச் சொன்னார். அன்று மாலையே புயல் ஒரு கை மேகத்தை ஊருக்குள் நீட்டி, ஒரு வீட்டிலும் சொட்டாமல், ஒரு தெருவையும் நனைக்காமல், வறண்டு கிடந்த ஊர்க்குளத்தில் படிக்கட்டு முழுகுகிற வரைக்கும் மழையை இறக்கிவிட்டுக் கையைச் சுருட்டிக்கொண்டது. கல்யாணம் ஆகவில்லையே என்று ஒருவன் இழுத்தான். தனிக் குடித்தனம்தானே, போதும் என்று அடக்கிவிட்டார்கள். வரி வந்தது. தலைக்கட்டு ஆயிற்று. தினமும் அதன் பங்கை ஒரு கூடையில் போட்டுக் கடலில் கொட்டினோம். பங்கு குறைந்தால் உறுமும். கோதண்டம் குறைத்துப் பார்த்தான், அவன் வேட்டி போயிற்று.

இந்த விஷயம் செங்கமலம் வழியாகப் போன் மூலம் அந்த நகரத்துக்குப் போனது. மகள், “அதைத் தலைக்கட்டாவா சேத்திருக்காங்க? நல்லாத் தெரியுமா?” என்று கேட்டாளாம். தெரியும் என்றதும் சிரித்தாளாம். மறுநாள் ரயில் ஏறிவிட்டாள். ‘கையெழுத்துப் போடாமல் போனால் திரும்பி வர வேண்டாம்’ என்று சேஷகிரி சொல்லி அனுப்பியதை ரயிலில் வாங்கிக்கொண்டாள்.

ஒரு பையும், கம்பளியில் சுற்றிய காற்றழுத்தமானியுமாக வந்து இறங்கினாள். வந்ததும் கரைக்குப் போவாள் என்று ஊரே கரையில் கூடி நின்றது. அவள் கரைப் பக்கமே திரும்பவில்லை. நேராக நாட்டார் வீட்டு வாசலுக்குப் போனாள்.

“பிராது கொடுக்கணும்.”

“யாரு மேலம்மா?”

“நம்ம ஊர்த் தலைக்கட்டு மேல. எங்கப்பாவைக் கொண்டுபோனதுக்கு.”

நாட்டாருக்குப் புரிந்துவிட்டது. வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பக்கூட மறந்துபோனார்.

கோயில் திடலில் கூட்டம் கூடிற்று. ஆண்கள் முன்னால், பெண்கள் தூரத்தில் வேப்பமரத்தடியில். பெண்ணுக்குப் பிராது இருந்தால் அவள் வீட்டு ஆண் எழுந்து சொல்ல வேண்டும், அவள் வாய் திறக்கக்கூடாது. அது வழக்கம். வனரோஜா மரத்தடியிலிருந்து எழுந்து நடந்து வந்து நடுவில் நின்றாள். கூட்டத்தில் சலசலப்பு.

“ஏ புள்ள, யாரையாச்சும் பேசச் சொல்லிட்டு அந்தாண்ட போய் உக்காரு” என்றான் கோதண்டம்.

“எங்க வீட்டு ஆம்பளையத்தான் மாமா அது கொண்டு போயிடுச்சு. நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க, அவரு பேசட்டும். நான் உக்காந்துக்கிறேன்.”

கோதண்டம் உட்கார்ந்துகொண்டான். ஆனாலும் உட்கார்ந்தபடியே, “காத்தைப் போயி பஞ்சாயத்துக்குக் கூப்புடுறதா? வெளியூர்க்காரன் கேட்டாச் சிரிப்பான்” என்றான்.

“தலைக்கட்டுன்னு சேத்தது நானா? வரி வாங்குனது நானா? தண்ணியக் குடிச்சிட்டு, மீனையும் தின்னுட்டு, இப்பக் காத்துங்குறீங்க. அங்க ஒருத்தர் நிக்கிறதைக் கடந்துபோச்சுங்குறாரு. நீங்க வந்திருக்கிறதை வரலைங்குறீங்க. உங்க ரெண்டு பேருக்கும் ஒரே மேசை போட்டுக் கொடுக்கலாம்.”

வேப்பமரத்தடியில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் மரத்தடியே சிரித்தது. நாட்டார் துண்டை உதறி மேலே போட்டார். “பிராது ஞாயம். ஆளக் கூப்புடுங்க.”

கூட்டத்துக்கு ஆள் கூப்பிடுகிற சன்னாசி கரைக்குப் போய், கையைக் குவித்து, எல்லாரையும் கூப்பிடுகிற அதே சலிப்பான குரலில் கூப்பிட்டான்: “தலைக்கட்டே! ஊரு கூப்புடுது. வந்து சேரும்!”

வந்தது. நின்ற இடத்தைவிட்டு முதல்முறையாக அசைந்து, தோளில் கிடந்த மேகத்தை இறக்கி இடுப்பில் சுற்றிக்கொண்டு, காயப்போட்ட வலைகளை மிதிக்காமல், கூரை ஓடு ஒன்றைக்கூட நகர்த்தாமல், சந்துகளில் உடம்பை ஒடுக்கி ஒடுக்கி, கோழிகளுக்கு வழிவிட்டு, ஏலக்கூடத்தைச் சுற்றிக்கொண்டு வந்து, கோயில் திடலின்மேல் தன் கண்ணைக் கொண்டுவந்து நிறுத்திற்று. சுற்றிலும் காற்று மதில்மாதிரி ஓடியது. நடுவில் ஒரு இலை அசையவில்லை. தலைக்குமேல் வட்டமாக நீலம். வெயில்கூட அடித்தது.

“ஆளு இதுதானா?” என்றார் நாட்டார். “ஒரு புயல் மாதிரி இன்னொண்ணு இருக்கும். மாத்திக் கூப்புட்டிருந்தா ஊருக்குப் பாவம்.”

வனரோஜா காற்றழுத்தமானியை எடுத்துக் கம்பத்தில் மாட்டினாள். முள் இறங்கிற்று, இறங்கிற்று, ஓரிடத்தில் நின்றது. “அப்பா போன அன்னிக்கு அந்தப் பக்கமாப் போன ஒரு கப்பல்ல அளந்திருக்காங்க. இதே அழுத்தம். இதே வேகம். இடப்பக்கம் கொஞ்சம் நொண்டும், அதுவும் இருக்கு. இதைப் பத்தித்தான் நான் புத்தகமே எழுதினேன், எனக்குத் தெரியாதா?” பிறகு தலையைத் தூக்கி அதனிடமே கேட்டாள். “நீதானே?”

மறுக்கவில்லை.

“சொல்லு. வடக்கப் போயிட்டிருந்தவன் ஏன் திரும்புனே? மேல் காத்து தள்ளுச்சு, தெரியும். கடல் சூடு இழுத்துச்சு, அதுவும் தெரியும். அதெல்லாம் நான் எழுதிட்டேன். அதுக்கு மேல என்ன? சொல்லு.”

புயல் பேசவில்லை. பேசத் தெரிந்தால்தானே. சும்மா நின்றது. பிறகு அந்த மதில் ஓரிடத்தில் விலகிற்று, உள்ளேயிருந்து ஒரு படகு வந்து, தூங்குகிற குழந்தையைப் பாயில் போடுவதுபோல, திடலின் மணலில் இறங்கியது. கலியமூர்த்தியின் படகு. முகப்பில் ‘வனரோஜா’ என்று அவனே எழுதிய கோணல் எழுத்து. ஈரம் காயாத வலை, வலையில் துள்ளுகிற மீன், உள்ளே அவன் தூக்குவாளி. ஆள் இல்லை.

செங்கமலம் மரத்தடியிலிருந்து வந்தாள். யாரும் தடுக்கவில்லை. தூக்குவாளியைத் திறந்தாள். கஞ்சி சூடாக இருந்தது, மேலே வைத்த மாங்காய்த் துண்டு கடிபடாமல் இருந்தது. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். “படுபாவி. ஒரு வாய் திங்கிற வரைக்கும் பொறுக்கக் கூடாதா ஒனக்கு?” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்தப் பெரிய புயல் அதற்குத்தான் தலையைக் குனிந்தது. நீல வட்டம் சாய்ந்ததை நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

“படகக் குடுத்திருச்சு. சமாதானம் கேக்குது” என்றார் நாட்டார் மெதுவாக. “ஏத்துக்கிறியாம்மா?”

“படகையா கேட்டேன்?” வனரோஜாவின் குரல் உடைந்துதான் இருந்தது, ஆனால் இறங்கவில்லை. “நான் கேட்டதுக்கு அதுக்கே பதில் தெரியல. இப்பத்தான் எனக்குப் புரியுது. ஏன் திரும்புறோம்னு தெரியாமத்தான் திரும்புது.”

“ஊர் விலக்கு போடுங்க!” என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

“விலக்குனா வேற ஊருக்குப் போவும். அங்கயும் ஒரு பிள்ளை கரையில நிக்கும். வேண்டாம்.” அவள் படகின் விளிம்பில் கையை வைத்தாள். “எனக்குத் தண்டனை வேண்டாம். கட்டுப்பாடு வேணும். திரும்புறதுன்னா திரும்பிக்க. ஆனா சொல்லிட்டுத் திரும்பணும். நீ மட்டுமில்ல, உன் வகையறா அத்தனையும். திரும்புறதுக்கு முன்னாடி இங்க வந்து சொல்லணும்.”

நாட்டார் கூட்டத்தைப் பார்த்தார். யாரும் மறுத்துப் பேசவில்லை. கோதண்டம்கூட. “ஊர்க் கட்டுப்பாடு” என்றார். “தலைக்கட்டு ஒத்துக்குதா?”

எல்லாரும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். மணலில்தான் சத்தம் கேட்டது. படகு, யாரும் தொடாமல், தரையைச் சிராய்த்துக்கொண்டு மெதுவாகத் திரும்பி, முகப்பை வடகிழக்கே வைத்து நின்றது. அது நின்ற பிறகுதான் புயல் எழுந்தது. மேகத்தை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வந்த மாதிரியே வலைகளை மிதிக்காமல் வெளியே போய், படகு காட்டின அதே வடகிழக்கே திரும்பிக் கடலோடு கடலாகப் போயிற்று. நாங்கள் அன்று மத்தியானமே கடலுக்குப் போனோம்.

சேஷகிரி கையெழுத்துக் கேட்டுக் கடைசியாக ஒரு முறை எழுதினார். வனரோஜா பதில் போட்டாள்: ‘நின்றது. விசாரிக்கப்பட்டது. திரும்பிப் போனது. கடக்கவில்லை.’ அதோடு வேலை போயிற்று.

அவள் ஒன்றும் ஒடிந்துவிடவில்லை. திடலில் படகுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை போட்டு, மானிகளை மாட்டி, ஒரு வயர்லெஸ் பெட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். செங்கமலம் பொட்டோடுதான் இருக்கிறாள். படகைக் காட்டிப் பேசிப் பார்த்தவர்களிடம், “படகுதானே வந்திருக்கு” என்றாள்.

அடுத்த ஐப்பசியில் ஒரு புயல் கிளம்பிற்று. வடக்கே போகிறது, தெற்கே கவலை வேண்டாம் என்று எல்லா அறிக்கையும் சொன்னது. படகு மணலில் சிராய்த்துக்கொண்டு தெற்கே திரும்பிற்று. வனரோஜா வயர்லெஸ்ஸைக் கையில் எடுத்து, கடலில் இருந்த எங்கள் ஊர்ப் படகு, பக்கத்து ஊர்ப் படகு, பேர் தெரியாத ஊர்ப் படகு எல்லாவற்றையும் திட்டித் திட்டிக் கரைக்கு வரவழைத்தாள். சொல்லிவைத்தது போலப் புயல் தெற்கே திரும்பி வந்தது, வெறுங்கடலில் ஆடிவிட்டுப் போயிற்று. அன்று எந்தக் கரையிலும் எந்தப் பெண்ணும் காத்து நிற்கவில்லை.

அதற்கு அடுத்த புயலுக்கு அவள் போன் அடித்தது. நான் ஐஸ் போட்டுவிட்டு அங்கேதான் நின்றேன். சேஷகிரியின் குரல் வெளியே கேட்டது.

“அம்மா… அந்தப் படகு எந்தப் பக்கம் பார்க்குதுன்னு…”

“கடல்ல இருக்கிறவங்களுக்கு அப்பவே சொல்லியாச்சு சார். எல்லாரும் கரை ஏறியாச்சு. உங்களுக்கு மட்டும்தான் தெரியாது.”

“அதான் கேக்குறேன்.”

“சொல்றேன். முதல்ல அந்தப் பழைய அறிக்கையைத் திருத்துங்க.”

“அதெல்லாம் முடிஞ்சுபோன விஷயம்மா” என்றார்.

“அன்னிக்கும் இதைத்தான் சொன்னீங்க” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். வைத்துவிட்டு என்னைப் பார்த்து, “பெரியப்பா, கூடையில தண்ணி ஒழுவுது, ஐஸு கரையுது” என்றாள்.

மறுநாள் டிவியில் வந்தது, கீழே ஓடுகிற எழுத்தில், ஒரே ஒரு வரி. முன்னொரு கார்த்திகையில் நண்டுமேடு அருகே கரையைக் கடந்ததாகச் சொல்லப்பட்ட புயல், கடக்கவில்லை, நின்றது. நாட்டார் அதை உரக்கப் படித்தார். ஊரே ஜன்னல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டது. கோதண்டம், “இதைக் கண்டுபுடிக்கவா இவ்ளோ படிச்சவங்க இருக்காங்க?” என்றான்.

வனரோஜா வயர்லெஸ்ஸை எடுத்து அந்த நகரத்தைக் கூப்பிட்டு, படகு பார்க்கிற திசையைச் சொன்னாள்.